கல்லூரியில் பீரும் ஒயினும் பாடமாகும்போது: நான்கு அனுமதி வழிகள், எது யாருக்குச் சரி?

அமெரிக்கக் கல்லூரிகளில் உணவு அறிவியல், உயிரித் தொழில்நுட்பத் துறைகளில் பாடம் நடத்தும் தமிழர்கள் கொஞ்சம் பேர் இல்லை. நொதித்தல் அறிவியலில் ஒரு பட்டப்படிப்போ சான்றிதழ்ப் படிப்போ தொடங்கலாம் என்று துறைக்குள் பேச்சு எழுந்தால், ஈஸ்ட் தெரிந்தவர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு அவர்களில் ஒருவர் தலையில் வந்து விழவும் வாய்ப்பு உண்டு. அப்படிப் பொறுப்பேற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆராய்ச்சி விலக்கு, சொந்த லைசென்ஸ், பக்கத்து ஆலையோடு கூட்டு, மதுவே இல்லாத பாடம் என்று வழிகள் நான்கு.

இத்தகைய திட்டக் கூட்டங்களில் முதல் பேச்சு பாத்திரங்களைப் பற்றியே இருக்கும். எத்தனை லிட்டர் தொட்டி, எந்த அளவு குளிரூட்டி, தரையில் வடிகால் எந்தப் பக்கம் என்று ஓடும். சட்டம் கடைசியில்தான் வரும். என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்த அனுமதியின் கீழ் தயாரிக்கப் போகிறோம் என்பது முடிவான பிறகுதான் எத்தனை லிட்டர் தேவை என்பதே தெரியும். அனுமதி மாறினால் பாடத்திட்டம் மாறும், செலவு மாறும், 19 வயது மாணவி ஆய்வகத்தில் எதைத் தொடலாம், எதை வாயில் வைக்கலாம் என்பதும் மாறும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குவதைப் பற்றிச் சட்டத்துக்கு அவ்வளவு கவலை இல்லை. செய்த சரக்கு கடைசியில் எங்கே போகிறது என்பதுதான் அதன் கவலை. வடிகாலுக்கா, மாணவர் வாய்க்கா, கடை அலமாரிக்கா? இந்தக் கேள்விக்கு உங்கள் கல்லூரி நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

மூன்று அடுக்குச் சட்டம்

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் 21ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு முடிந்தது. அதே திருத்தம் மது விஷயத்தில் மாநிலங்களின் கையில் பெரிய அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. ஆகவே ஓரிகனில் செல்லுபடியாகும் ஏற்பாடு யூட்டாவிலும் செல்லும் என்று நம்பி இறங்கக் கூடாது. மேலே ஃபெடரல் அரசு இருக்கிறது. அங்கே கருவூலத் துறையின் கீழ் 2003 முதல் இயங்கும் டிடிபி என்ற மது, புகையிலை வரி அமைப்பு தயாரிப்பையும் கலால் வரியையும் பார்த்துக்கொள்கிறது. நடுவில் மாநில மது வாரியம். கீழே கல்லூரியின் சொந்த விதிகள். ஃபெடரல் நிதி வாங்கும் கல்லூரிகள் எல்லாம், மாணவர்களும் ஊழியர்களும் சட்டத்துக்குப் புறம்பாக மது, போதைப்பொருள் வைத்திருப்பதைத் தடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியாக வேண்டும் என்று 1989இல் ஒரு சட்டம் வந்தது. உங்கள் வளாகத்தின் கடுமையான மது விதிகளுக்குப் பின்னால் அதுவும் நிற்கும்.

அப்புறம் 21 வயது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் நேரடியாக வயது வரம்பு விதித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்தது வேறு. 21 நிரம்பாதவர்கள் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துவைப்போம் என்றது. அந்தப் பங்கு அப்போது 10 சதவீதம், 2012 நிதியாண்டிலிருந்து 8 சதவீதம். சவுத் டகோடா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1987இல் தோற்றது.

இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 'பொது இடத்தில் வைத்திருத்தல்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது, அதில் சில விலக்குகளும் இருக்கின்றன. மதச் சடங்கு, மருத்துவத் தேவை, பெற்றோர் உடனிருப்பது போன்றவற்றோடு, லைசென்ஸ் பெற்ற தயாரிப்பாளரிடம் சட்டப்படி வேலை பார்க்கும் 21 வயது நிரம்பாதவர் வேலையின் பகுதியாக மதுவைக் கையாள்வதும் அங்கே விலக்காகச் சொல்லப்பட்டிருக்கிறது. 'சட்டப்படி வேலை', 'லைசென்ஸ் பெற்ற தயாரிப்பாளர்' என்ற இரண்டையும் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கல்வி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. சொந்த லைசென்ஸா, கூட்டா, ஆராய்ச்சி விலக்கா என்று யோசிக்கும்போது இந்த ஒரு வரிக்கு நிறைய எடை உண்டு.

தப்பான ஒரு குறுக்கு வழி

முதலில் ஒன்றைக் கழித்துவிடுவோம். வீட்டில் பீர் காய்ச்சுவது 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வரி இல்லாமல் அனுமதிக்கப்பட்டது. ஒரு பெரியவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். 'நாம் செய்யப்போவது செமஸ்டருக்கு நாற்பது கேலன்தானே, அந்தக் கணக்கில் வராதா?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வராது. அந்த விலக்கு சொந்த உபயோகத்துக்கும் குடும்ப உபயோகத்துக்கும் மட்டும். கல்லூரி ஆய்வகம் யாருடைய வீடும் இல்லை. காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கோ இந்த வீட்டு விலக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. அதை ஃபெடரல் அனுமதி இல்லாமல் செய்வது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

ஆராய்ச்சி விலக்கு

ஃபெடரல் ஒயின் விதிகளில் கல்லூரிகளுக்கென்றே எழுதப்பட்ட ஒரு பிரிவு இருக்கிறது. அறிவியல் பல்கலைக்கழகமோ கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ, பரிசோதனைக்காக வரி கட்டாமல் ஒயின் தயாரிக்கலாம், பெறலாம், கலக்கலாம், சேமித்து வைக்கலாம். இரண்டு கட்டுப்பாடுகள்: விற்கக் கூடாது, புலன்சோதனைக்காகச் சுவைப்பது தவிரக் குடிக்கக் கூடாது. விண்ணப்பம் கடித வடிவில் போனால் போதும். நிறுவனத்தின் பெயர், செயல்பாட்டின் நோக்கமும் அளவும், கருவிகள், இடம், பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றை எழுத வேண்டும். வடிசாராயத்துக்கும் ஏறக்குறைய இதே சொற்களில் உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு.

பீர் மட்டும் வேறு வாசல் வழியாக வருகிறது. அதற்கு இருப்பது 'முன்னோட்ட ஆலை' என்ற ஏற்பாடு. ஆராய்ச்சிக்கும் பகுப்பாய்வுக்கும் பரிசோதனைக்கும் சிறு ஆலை ஒன்றை டிடிபியின் ஒப்புதலோடு நடத்தலாம். ஆராய்ச்சிக்காகவும் சோதனைக்காகவும் எடுத்துச் செல்லும் பீருக்கு வரி கிடையாது. ஆனால் வாடிக்கையாளர்களைக் கொண்டு செய்யும் சுவைச் சோதனையும் சந்தை ஆய்வும் இதில் அடங்காது. ஒயினுக்கு அனுமதி வாங்கிவிட்டோம், பீரும் அதிலேயே வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பானத்துக்கும் மூன்று தனித்தனி கதவு.

இந்த வழியின் பலம் வேகமும் மலிவும். கண்ணாடிக் குடுவையில் இருபது லிட்டர் செய்யும் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் போன்ற பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், 200 லிட்டர் ஆய்வுத் தொட்டிகளில் ஒரே திராட்சையை வெவ்வேறு வெப்பநிலையில் நொதிக்கவிட்டு ஒப்பிடுவதுதான் அங்கே வேலை. அந்த ஒயின் நன்றாக வர வேண்டும் என்றுகூட இல்லை. கெட்டுப்போனாலும் தரவு கிடைத்தால் சரி. அத்தகைய இடத்துக்கு இந்த விலக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. விற்க முடியாது என்றால் மிச்சம் கடைசியில் வடிகாலுக்குத்தான் போகும். மாணவர் ஒருவர் மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒயினைத் தன் கையாலேயே கொட்டுவார். அவருக்கு வேதியியல் வந்துவிடும், நுண்ணுயிரியல் வந்துவிடும். தான் செய்ததை முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கி இரண்டாவது முறையும் கேட்கிறாரா என்பது மட்டும் தெரியாது. தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் படிப்பு என்றால் இது சின்னக் குறை இல்லை. பட்டமேற்படிப்பு, ஆராய்ச்சி என்றால் குறையே இல்லை. முதுகலைக்கு வரும் நம் ஊர் மாணவர்களுக்கு 21 வயது பெரும்பாலும் தாண்டியிருக்கும் என்பதால், சுவைக்கும் சிக்கலும் அவர்களைத் தொடாது.

சொந்த லைசென்ஸ்

ஃப்ரெஸ்னோ ஸ்டேட் இதற்கு முன்மாதிரி. 1997இல் தன் வளாகத்தில் ஒயின் ஆலைக்கு முழு உரிமம் வாங்கி, அமெரிக்காவிலேயே சொந்தமாகத் தயாரித்துப் பாட்டிலில் அடைத்து விற்கும் முதல் பல்கலைக்கழகமாக ஆனது. வாஷிங்டன் மாநிலத்தில் வாலா வாலா சமுதாயக் கல்லூரி 'காலேஜ் செல்லார்ஸ்' என்ற பெயரில் மாணவர்கள் செய்த ஒயினை விற்கிறது. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று இதைச் செய்துகாட்டியிருப்பது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே முடியும் என்ற சாக்கு அங்கே அடிபட்டுப் போகிறது.

பணம் பற்றிய பயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிடிபி அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல் போகாத உள்நாட்டு பீர் ஆலைக்கு முதல் 60,000 பேரல் வரை கலால் வரி பேரலுக்கு மூன்றரை டாலர். ஒரு பேரல் என்பது 31 கேலன், சுமார் 117 லிட்டர். உங்கள் கல்லூரி ஆண்டுக்கு 100 பேரல் செய்தால் அது பதினோராயிரம் லிட்டருக்கு மேல். அதற்கு ஃபெடரல் வரி 350 டாலர். வரி ஆண்டுக்கு 1,000 டாலரைத் தாண்டாது என்றால் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். 50,000 டாலருக்குள் இருப்பவர்களுக்குப் பிணைப் பத்திரமும் வேண்டியதில்லை. மாநில வரியும் லைசென்ஸ் கட்டணமும் தனி. ஆனாலும் வரிக்குப் பயந்து இந்த வழியை விடுவதில் நியாயம் இல்லை.

பயப்பட வேண்டியது கணக்கு நோட்டுக்கு. எவ்வளவு மால்ட் (முளைகட்டிய தானியம்) வந்தது, அதிலிருந்து எவ்வளவு வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள இனிப்புச் சாறு) எடுத்தோம், எந்தத் தொட்டிக்குப் போனது, மாற்றும்போது எவ்வளவு சிந்தியது, பாட்டிலில் எவ்வளவு, சோதனைக்கு எவ்வளவு, விற்பனைக்கு எவ்வளவு என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பதிவேடுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிளேட்டோ என்ற சர்க்கரை அளவுகோலில் 12 டிகிரியில் தொடங்கிய வோர்ட் 3 டிகிரியில் நின்றால் ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். அந்த எண் மாணவரின் ஆய்வக நோட்டில் ஒன்றாகவும் ஆலைப் பதிவேட்டில் வேறாகவும் இருந்தால் மதிப்பெண் குறைவதோடு நின்றுவிடாது. இதை ஒரு சுமையாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். பீர் ஆலையில் வேலைக்குச் சேரும் இளைஞருக்கு முதல் நாளே தேவைப்படும் திறமை இது. விலக்கின் கீழ் நடக்கும் வகுப்பில் இந்த ஒழுங்கை யாரும் இவ்வளவு கண்டிப்பாகக் கற்றுத்தரப் போவதில்லை.

கோடை விடுமுறைதான் பெரிய தலைவலி. பேராசிரியர் ஊருக்குப் போய்விடுவார், மாணவர்கள் கலைந்துவிடுவார்கள், தொட்டியில் பீர் இருக்கும், கணக்கு கொடுக்கும் தேதி வரும். முழுநேரமாக ஒரு ஆலை மேலாளரை, அதுவும் ஆசிரியர் அல்லாத ஒருவரை, நியமிக்கக் கல்லூரி தயாராக இல்லை என்றால் சொந்த லைசென்ஸ் பக்கம் போகாதீர்கள். 'பேராசிரியரே கூடுதலாகப் பார்த்துக்கொள்வார்' என்று எழுதிய திட்டத்தை நான் இருக்கும் குழுவில் வைத்தால் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்.

இன்னொரு சிக்கல் பலருக்குக் கடைசி நிமிடம் வரை தெரியாது. மதுவிலக்கு முடிந்தபோது, தயாரிப்பாளர் ஒரு பக்கம், மொத்த வியாபாரி ஒரு பக்கம், சில்லறைக் கடை ஒரு பக்கம் என்று மாநிலங்கள் மூன்று அடுக்காகப் பிரித்துவைத்தன. தயாரிப்பவரே கடையையும் கையில் வைத்திருப்பதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன அல்லது கட்டுப்படுத்துகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் கால்பந்து மைதானத்திலோ, விருந்தினர் விடுதியிலோ மது விற்க ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தால், சட்டத்தின் பார்வையில் அது ஒரு சில்லறை வியாபாரி. அதே நிறுவனம் தயாரிப்பாளர் உரிமமும் கேட்டால் இரண்டும் மோதும். சில மாநிலங்களில் கல்விக்கான விதிவிலக்கு இருக்கும், சிலவற்றில் தனி நிறுவனம் ஒன்றை உருவாக்க வேண்டிவரும். கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் மது விற்பதையே தடுக்கும் பழைய பிரிவு தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. காலப்போக்கில் அதற்குள் எக்கச்சக்கமான விலக்குகள் சேர்ந்துவிட்டன. உங்கள் மாநிலத்திலும் அப்படி ஏதாவது தூசி படிந்து கிடக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பக்கத்து ஆலையோடு கூட்டு

லைசென்ஸ் அவர்களுடையது, பாடம் உங்களுடையது. மாணவர்கள் வாரம் ஒருநாள் ஊரில் உள்ள பீர் ஆலைக்குப் போவார்கள், அல்லது அவர்கள் உருவாக்கிய செய்முறையை ஆலை தன் பெயரில் தயாரித்து விற்கும். கல்லூரி தனக்கென்று உரிமம் எடுத்து அதே தொட்டிகளை முறை வைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடும் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு உரிமையாளர்கள் மாறி மாறி இயங்குவதை டிடிபி அனுமதிக்கிறது. ஆனால் அப்போது மேலே சொன்ன பதிவேட்டுப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையிலும் வந்துவிடும், கூட்டின் சௌகரியம் பாதி போய்விடும். எளிய வடிவம் முதலில் சொன்னதுதான்.

வயதுக் கேள்வியில் இந்த வழிக்கு ஒரு தெளிவு இருக்கிறது. ஆலை மாணவரைச் சம்பளத்துக்கு வேலைக்கு எடுத்தால், நான் அடிக்கோடிடச் சொன்ன அந்த விலக்கு அவருக்கு நேராகப் பொருந்துகிறது. லைசென்ஸ் பெற்ற தயாரிப்பாளர், சட்டப்படி வேலை, கையாள்வது வேலையின் பகுதி. 19 வயதில் தொட்டி கழுவலாம், வோர்ட் மாற்றலாம், மூட்டை தூக்கலாம். அந்த வேலைக்கு மாநிலச் சட்டம் எத்தனை வயது கேட்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை பார்ப்பதால் குடிக்க அனுமதி வந்துவிடாது, அது வேறு விஷயம். சம்பளம் இல்லாமல் மதிப்பெண்ணுக்காகப் போகும் மாணவர் 'வேலை பார்ப்பவர்' ஆவாரா என்பதில் குழப்பம் வரும். ஆகவே முடிந்தவரை சம்பளமுள்ள பயிற்சியாகவே ஒப்பந்தம் போடச் சொல்வேன். காப்பீட்டுக்கும் அதுதான் நல்லது. கொதிக்கும் வோர்ட், கார்பன் டை ஆக்சைடு தங்கிய தொட்டி, காரச் சோப்பு என்று ஆலையில் ஆபத்து நிறைய.

குறை என்னவென்றால் அட்டவணை உங்கள் கையில் இல்லை. கோடையில் அவர்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும், மாணவர்களுக்கு இடம் இருக்காது. பரிசோதனைக்காக வேண்டுமென்றே ஒரு தொட்டியைக் கெடுத்துக் காட்ட எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். லாக்டோபேசிலஸ் என்ற புளிக்கவைக்கும் பாக்டீரியா புகுந்தால் பீர் என்ன ஆகும் என்று கற்பிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது, ஆனால் ஆலை முழுக்கத் தொற்று பரவினால் அவர் பிழைப்பு போய்விடும். ஆலை கைமாறினாலோ மூடினாலோ உங்கள் மூன்றாம் ஆண்டுப் பாடமும் அதோடு மூடும். அதனால் ஒரே ஆலையோடு ஒப்பந்தம் போடாமல் இரண்டோடு போடுங்கள்.

மதுவே இல்லாமல்

கிம்ச்சி, தயிர், கெஃபிர், மிசோ, புளித்த மாவு ரொட்டி என்று பாடம் நடத்தலாம். வயதுச் சிக்கல் இல்லை, லைசென்ஸ் இல்லை, கல்லூரி முதல்வருக்குத் தூக்கமும் கெடாது. நுண்ணுயிரியல் கற்பிக்க இவை குறைந்தவை இல்லவே இல்லை. இட்லி மாவில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை வைத்தே அருமையான ஒரு செமஸ்டர் நடத்தலாம்.

ஆனால் சட்டத்திலிருந்து முழுவதும் தப்பிவிட்டோம் என்று நினைப்பது தவறு. கொம்புச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்புத் தேநீரில் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளர்வது அது. அமெரிக்க ஃபெடரல் விதிப்படி ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தொட்டால் அது மதுபானம், டிடிபியின் கைக்குள் வந்துவிடும். பாட்டிலில் அடைக்கும்போது அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், உள்ளே உயிரோடு இருக்கும் ஈஸ்ட் வேலையை நிறுத்தாது. சூடான அறையில் ஒரு வாரம் கிடந்தால் எல்லை தாண்டிவிடும். 2010இல் அளவுக்கு மேல் ஆல்கஹால் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஹோல் ஃபுட்ஸ் என்ற மளிகைக் கடைத்தொடர் தன் அலமாரிகளிலிருந்தே கொம்புச்சா பாட்டில்களை எடுத்துவிட்டது. தமிழர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். மரம் ஒன்றுதான், சட்டம் வேறு. தமிழ்நாட்டில் முன்னதற்கு அனுமதி, பின்னதற்குத் தடை. கொம்புச்சாவில் அந்தச் சுண்ணாம்பின் வேலையைக் குளிர்பதனம் செய்கிறது, அவ்வளவுதான். வினிகர் பாடமும் அப்படியே. அசிட்டிக் பாக்டீரியாவுக்குத் தின்ன ஆல்கஹால் வேண்டும், நீங்களே செய்தால் நடுவில் ஒரு கட்டத்தில் உங்கள் கையில் இருப்பது ஒயின்.

ஆக, இந்த வழியை எடுப்பவர்களும் ஆல்கஹால் அளக்க ஒரு நல்ல கருவியும், அளந்ததை எழுதிவைக்கும் பழக்கமும் வைத்திருக்க வேண்டும். நொதித்தலுக்கு என்றே ஒரு பட்டம் கொடுப்பதாக இருந்தால், பீரையும் ஒயினையும் தொடாமல் கொடுப்பது அரைகுறை என்பது என் கருத்து. இரண்டு பாடம், ஒரு சான்றிதழ் என்றால் இந்த வழியே தாராளம்.

21 நிரம்பாத மாணவர் எதைச் சுவைப்பார்?

எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். நான்காண்டுப் பட்டத்தில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வயது வரம்புக்குக் கீழே. கனடாவின் ஒன்டாரியோவில் வயது 19. அங்கே நயாகரா கல்லூரி ஒயின் ஆலை, 2011இல் தொடங்கிய பீர் ஆலை, 2018இல் வடிசாராய ஆலை என மூன்றையும் பாடத்துக்காகவே நடத்துகிறது. ஜெர்மனியில் பீருக்கும் ஒயினுக்கும் வயது 16 என்பதால், பீர்ப் படிப்புக்குப் பேர்போன வைஹென்ஸ்டெஃபானில் முதலாண்டில் சேருபவருக்கு இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. அமெரிக்காவிலோ பேராசிரியர் தன் மாணவர்களை வயதுவாரியாகப் பிரித்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியா 2014இல் இதற்கு ஒரு தீர்வு கண்டது. 2015 ஜனவரி முதல், ஒயின் அல்லது பீர் தயாரிப்புப் பட்டப்படிப்பில் இருக்கும் 18 வயது நிரம்பிய மாணவர், பாடத்துக்குத் தேவையான சுவைச் சோதனையில் கலந்துகொள்ளலாம். வாயில் வைக்கலாம், விழுங்கக் கூடாது. மது முழுவதும் 21 வயது நிரம்பிய ஆசிரியரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். வாஷிங்டனும் இதே எண்ணத்தில் போனது, ஆனால் அங்கே கல்லூரி தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், மேற்பார்ப்பவர் மது பரிமாறுவதற்கான பயிற்சி அனுமதியும் வைத்திருக்க வேண்டும். இரண்டில் எனக்கு வாஷிங்டன் முறை பிடிக்கிறது. அனுமதிச் சீட்டு சுவரில் தொங்கினால், வளாகப் போலீசுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் சட்டப் பிரிவை ஒப்பிக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு சட்டம் இல்லாத மாநிலத்தில் என்ன செய்வது? துப்பினால் பரவாயில்லை என்று ஆசிரியர் தானே முடிவெடுக்கக் கூடாது. மாட்டிக்கொள்வது மாணவர். விசாவில் படிக்கும் பிள்ளைக்கு மது வழக்கு ஒன்று வந்தால் அது எங்கே போய் முடியும் என்று யோசிக்க வேண்டும். மாறாக, மூக்கை நம்பலாம். டையசெட்டைல் என்ற வெண்ணெய் வாசனைப் பொருளைச் சோதிக்க ஆலைகள் செய்யும் முறை ஒன்று உண்டு. நொதித்தல் முடியும் தறுவாயில் இருக்கும் பீரை இரண்டு மூடிய குடுவைகளில் எடுக்க வேண்டும். ஒன்றை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் வைத்து, பிறகு அறை வெப்பத்துக்கு ஆறவிட வேண்டும். இரண்டையும் திறந்து மாற்றி மாற்றி முகர வேண்டும். சூடாக்கியதில் சினிமாக் கொட்டகைப் பாப்கார்ன் வாசனை தூக்கினால், அதன் முன்பொருள் இன்னும் பீரில் இருக்கிறது, ஈஸ்டை எடுக்க இன்னும் நாள் ஆகவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் குளிரூட்டலாம். ஆலையில் அன்றாடம் முடிவெடுக்கும் சோதனை இது, ஒரு துளிகூட நாக்கில் படத் தேவையில்லை. வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிட்டேட், கிராம்பு வாசனைப் பொருள், வெந்த மக்காச்சோள வாசனை தரும் டைமெத்தில் சல்ஃபைடு என்று ஒவ்வொன்றையும் தண்ணீரில் கலந்து முகரவைத்தும் பழக்கலாம். டேவிஸில் ஆன் நோபல் உருவாக்கிய ஒயின் வாசனைச் சக்கரம் இதற்கு நல்ல துணை.

வாயில் வைத்தே தீர வேண்டிய கசப்பு, துவர்ப்பு, அடர்த்தி ஆகியவற்றை நான்காம் ஆண்டுக்குத் தள்ளுங்கள். பாடத்திட்டக் குழுவில் இதற்குக் கொஞ்சம் சண்டை வரும், ஆனால் முடியும்.

என் முடிவு

புதிதாகத் தொடங்கும் சிறு கல்லூரி என்றால், இரண்டு உள்ளூர் ஆலைகளோடு சம்பளமுள்ள பயிற்சி ஒப்பந்தம், வளாகத்தில் குடுவை அளவிலான வேலைக்கு ஆராய்ச்சி அனுமதி. இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும், ஒன்று மற்றதன் குறையை அடைக்கும். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்கு விலக்கு மட்டுமே போதும். தொழிலுக்கு ஆள் அனுப்புவதுதான் நோக்கம், முழுநேர ஆலை மேலாளருக்குச் சம்பளமும் ஒதுக்கிவிட்டார்கள் என்றால், தயங்காமல் சொந்த லைசென்ஸுக்குப் போங்கள். மாணவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது, வாலா வாலாவே சாட்சி.

சுவைச் சட்டம் இல்லாத மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கலிஃபோர்னியாவின் அந்தப் பிரிவையும் வாஷிங்டனின் அனுமதிச் சீட்டு விதியையும் அச்செடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். இரண்டுமே ஓரிரு பக்கத்துக்குள் படித்துவிடக்கூடியவை. உள்ளூர் ஆலைக்காரர்கள் இருவரையும் 19 வயது மாணவர் ஒருவரையும் கூட அழைத்துப் போனால் பேச்சு இன்னும் சுலபமாக நடக்கும்.